அக்கறை உள்ளவருக்கு விரித்த வலை

2010 பிப்ரவரியில், அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரிலிருந்து வெளிவரும் ஸ்டார் டிரிப்யூன் நாளிதழை ஒரு விளம்பர முகமை அணுகியது. ஓட்டல் குழுமம் ஒன்றுக்காக நாளிதழின் இணையப் பதிப்பில் இடம் கேட்டது. ஊழியர்கள் விளம்பரத்தை ஓட்டிப் பார்த்தார்கள். கோளாறு எதுவும் தென்படாததால் ஏற்றுக்கொண்டார்கள். விளம்பரம் தளத்தில் ஏறிய பிறகு அதன் நிரல் மாற்றப்பட்டது. செய்தி படிக்க வந்தவர்களின் கணினிகள் திடீரென்று மந்தமாயின. எச்சரிக்கைப் பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் திறந்து, ‘ஆன்டிவைரஸ் சாஃப்ட்’ என்ற மென்பொருளை 49.95 டாலருக்கு வாங்கச் சொல்லின. வாங்கியவர்களுக்குத் தொல்லை நின்றது. வாங்காதவர்கள் தங்கள் கோப்புகளைக்கூடத் திறக்க முடியாமல் தவித்தார்கள். அந்த விளம்பர முகமையே பொய். நடத்தியவர்கள் லாத்வியாவில் இருந்தார்கள். முக்கியக் குற்றவாளி பீட்டரிஸ் சகுரோவ்ஸ் 2011இல் அங்கே கைதாகி, விடுவிக்கப்பட்டு, தலைமறைவாகி, 2016இல் போலந்தில் பிடிபட்டார். அமெரிக்க நீதிமன்றம் அவருக்கு 33 மாதச் சிறை விதித்தது 2018இல்.

இந்த வழக்கை முதலில் சொல்லக் காரணம் உண்டு. ஏமாந்தவர்கள் யாரும் தகாத தளத்துக்குப் போகவில்லை, திருட்டுப் படம் இறக்கவில்லை. தங்கள் ஊர்ப் பேப்பரைப் படித்துக்கொண்டிருந்தார்கள். கணினிக்கு ஆபத்து என்று திரை சொன்னதும், பொறுப்புள்ள எவரும் செய்வதைச் செய்தார்கள். “கண்ட தளத்துக்குப் போகாதீர்கள், எச்சரிக்கைகளை அலட்சியம் செய்யாதீர்கள்” என்று நாம் வீட்டில் சொல்லிவரும் அறிவுரையை அப்படியே பின்பற்றியவர்கள்தான் இந்த மோசடியில் பணம் இழந்தார்கள். போலி ஆன்டிவைரஸ் பிடிப்பது அலட்சியக்காரர்களைவிட அக்கறைக்காரர்களையே. இதைப் புரிந்துகொள்ளாமல் தரப்படும் பாதுகாப்பு யோசனைகள் பல, மோசடிக்காரனின் வேலையை அவனுக்குப் பதிலாக நாமே செய்து கொடுப்பதில் முடிகின்றன.

அந்த அக்கறை எப்படிப் பழக்கப்பட்டது என்று பார்க்க வேண்டும். 2004 ஆகஸ்டில் விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டாம் சர்வீஸ் பேக் வந்தது. அதோடு ‘செக்யூரிட்டி சென்டர்’ என்ற பகுதியும் வந்தது. திரையின் வலது கீழ் மூலையில் சிவப்புக் கேடயம், அதிலிருந்து எழும்பும் மஞ்சள் பலூன், உங்கள் கணினி ஆபத்தில் இருக்கலாம் என்ற வாசகம். நல்ல நோக்கத்தோடு செய்யப்பட்டதுதான். ஆனால் அந்த விண்டோஸில் வைரஸைத் தடுக்கும் மென்பொருள் கிடையாது. ஆபத்து என்று சொல்லிவிட்டு, மருந்தை வெளியே வாங்கிக்கொள் என்று அனுப்பியது. புதுக் கணினியோடு வரும் சோதனைப் பதிப்பு சில மாதங்களில் காலாவதியாகும். பிறகு அதுவும் தினமும் பணம் கட்டச் சொல்லித் தொல்லை தரும். ஆக, மூலையில் பலூன் எழும்பினால் பயப்படு, பயந்தால் சொடுக்கு, சொடுக்கினால் கார்டு எண்ணைக் கொடு என்ற வரிசை உலகம் முழுக்க வீடுகளில் பழகிப்போனது. மோசடிக்காரர்கள் புதிதாக எதையும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. அதே கேடயத்தை, அதே நிறத்தை, அதே மூலையில் வரைந்தார்கள்.

மைக்ரோசாஃப்ட் தன் இலவச ஆன்டிவைரஸான ‘செக்யூரிட்டி எசென்ஷியல்ஸை’ வெளியிட்டது 2009 செப்டம்பரில். அதுவும் அசல் விண்டோஸ் வைத்திருந்தவர்களுக்கு மட்டும். பக்கத்துக் கடையில் ஐந்நூறு ரூபாய்க்கு ‘ஓ.எஸ். போட்டு’ வாங்கிய நம் ஊர்க் கணினிகளில் பெரும்பாலானவற்றுக்கு அது எட்டவில்லை. விண்டோஸோடு சேர்ந்தே முழுமையான ஆன்டிவைரஸ் வந்தது 2012இல், எட்டாம் பதிப்பில்தான். இடைப்பட்ட அந்த எட்டு ஆண்டுகள்தான் போலிகளின் பொற்காலம்.

அன்றைய போலி ஸ்கேன் பக்கம் ஒன்றைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். பிரவுசரில் ஒரு பக்கம் திறக்கிறது. அதற்குள் விண்டோஸின் ‘மை கம்ப்யூட்டர்’ சாளரம் தத்ரூபமாக இருக்கிறது. சி டிரைவ், டி டிரைவ், சி.டி. டிரைவ் எல்லாம் வரிசையாக. பச்சைப் பட்டை ஒன்று இடமிருந்து வலமாக ஓட, கோப்புகளின் பெயர்கள் கண்ணால் படிக்க முடியாத வேகத்தில் பறக்கின்றன. சில நொடிகளில் ஸ்கேன் முடிகிறது. டிரோஜன், வேர்ம், ஸ்பைவேர் என்று சிவப்பில் பட்டியல். சில வகைகளில் ஆபாசப் படங்களும் கண்டுபிடிக்கப்பட்டதாகச் சேர்த்துக்கொள்வார்கள், வெட்கத்தால் ஆள் யாரிடமும் கேட்காமல் பணம் கட்டட்டும் என்று. இவ்வளவும் வெறும் படம். இணையப் பக்கம் எதற்கும் உங்கள் வன்தட்டைத் தானாகத் துழாவிப் பார்க்கும் வசதியைப் பிரவுசர் தருவதே இல்லை. உண்மையான முழு ஸ்கேன் லட்சக்கணக்கான கோப்புகளைத் திறந்து பார்க்க வேண்டும்; மணிக்கணக்காகும். மேக் கணினியில் இதே பக்கத்தைத் திறந்தவர்களுக்கும் சி டிரைவில் வைரஸ் இருப்பதாகக் காட்டியது. மேக்கில் சி டிரைவ் என்று ஒன்று கிடையாது.

இதைத் தனி ஆட்கள் இருட்டறையில் உட்கார்ந்து செய்ததாக நினைத்தால் தவறு. உக்ரைனின் கீவ் நகரில் பல மாடி அலுவலகம், நூற்றுக்கணக்கான ஊழியர்கள், பெலிஸ் நாட்டில் பதிவு என்று இயங்கியது இன்னோவேடிவ் மார்க்கெட்டிங் என்ற நிறுவனம். வின்ஃபிக்சர், டிரைவ்கிளீனர், எர்ரர்சேஃப், எக்ஸ்பி ஆன்டிவைரஸ் எல்லாம் அதன் சரக்குகள். 2008 டிசம்பரில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் அதன்மீது வழக்குத் தொடுத்தபோது, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் ஏமாற்றப்பட்டதாகச் சொன்னது. விளம்பர நிறுவனங்களின் கண்ணில் மண்ணைத் தூவ அவர்கள் கையாண்ட உத்தி அந்த வழக்கில் வெளிவந்தது. பார்ப்பவரின் இணைய முகவரியை வைத்து ஆளைப் பிரிப்பார்கள். விளம்பரத்தைச் சோதிக்கும் ஊழியருக்குப் பெயர்பெற்ற நிறுவனம் ஒன்றின் சாதுவான விளம்பரம் தெரியும். வீட்டிலிருந்து பார்ப்பவருக்குப் போலி ஸ்கேன் திறக்கும். 2009 செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸ் இணையதளமும் இதேபோன்ற சூழ்ச்சிக்கு ஆளானது. இணையத் தொலைபேசி நிறுவனம் ஒன்றின் பேரில் வந்த விளம்பரம், வார இறுதியில் போலி ஆன்டிவைரஸாக முகம் மாறியது.

கீவ் நிறுவனத்துக்கு வாடிக்கையாளர் சேவை மையங்கள்கூட இருந்தன. ஏமாற்றுபவனுக்கு எதற்குச் சேவை மையம்? இந்தக் கேள்விக்கான விடையில்தான் இந்தத் தொழிலின் உயிர்நிலை இருக்கிறது. கலிபோர்னியாவின் சாண்டா பார்பரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் அதை விளக்கினார்கள். மூன்று போலி ஆன்டிவைரஸ் கும்பல்களின் சர்வர்களில் இருந்த கணக்குப் பதிவுகள் அவர்களுக்குக் கிடைத்தன. மூன்றும் சேர்ந்து ஈட்டியது 13 கோடி டாலருக்கும் மேல். மென்பொருள் ஏறிய நூறு கணினிகளில் பணம் கட்டியவர்கள் இரண்டு பேருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். மீதி 98 பேரை எரிச்சலூட்டினாலும் பரவாயில்லை, அந்த இரண்டு போதும்.

ஆனால் அந்த இரண்டு பேரும் கிரெடிட் கார்டில் கட்டினார்கள். கார்டில் கட்டியவர் தன் வங்கியிடம் முறையிட்டால், வங்கி அந்தத் தொகையை வியாபாரியிடமிருந்து திரும்பப் பிடுங்கும். இப்படிப்பட்ட முறையீடுகள் ஓர் அளவைத் தாண்டினால், விசாவும் மாஸ்டர்கார்டும் அந்த வியாபாரியின் கணக்கையே முடக்கும். கணக்குப் போனால் கும்பலுக்குத் தொழிலே இல்லை. அதனால் முறையீடுகள் அந்த அளவை நெருங்கும்போது கும்பல்கள் தாமாகவே சிலருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தன. சத்தம் போடுபவரைச் சமாதானப்படுத்தி வங்கிக்குப் போகவிடாமல் நிறுத்துவது சேவை மையத்தின் பணி. ஆய்வாளர்கள் அந்தக் கணக்குகளிலேயே இந்த ஏற்ற இறக்கத்தைக் கண்டார்கள். வைரஸ் நிபுணர்கள் ஆயிரக்கணக்கான போலி நிரல்களின் பின்னால் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், கும்பல்கள் உண்மையில் அஞ்சியது வங்கிக்குப் போன வாடிக்கையாளருக்குத்தான். எனக்கு இந்த முழு வரலாற்றிலும் மிக முக்கியமாகப் படுவது இதுவே. ஏமாந்தபின் வெட்கப்பட்டு வாய்மூடி இருந்த ஒவ்வொருவரும், தம்மை அறியாமல், அந்தக் கணக்கு உயிரோடு இருக்க உதவினார்கள்.

2011 ஜூனில் நிகழ்ந்தவை இதை உறுதிப்படுத்தின. அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகள் சிலவும் சேர்ந்து இரண்டு கும்பல்கள்மீது நடவடிக்கை எடுத்து, சர்வர்களைக் கைப்பற்றின. அவற்றில் ஒன்று மட்டும் 9,60,000 பேரிடம் 7.2 கோடி டாலர் கறந்திருந்தது. அதே மாதத்தில், ரஷ்யாவின் குரோனோபே என்ற பணப்பரிமாற்ற நிறுவனத்தின் உரிமையாளர் வேறொரு வழக்கில் கைதானார். போலி ஆன்டிவைரஸ்களுக்கு அந்த நிறுவனம் பணம் வசூலித்துக் கொடுத்ததாகக் கசிந்த ஆவணங்களைக் கொண்டு செய்தியாளர் பிரையன் கிரெப்ஸ் எழுதியிருந்தார். அந்தக் கோடையில் போலி ஆன்டிவைரஸ் தொல்லை வெகுவாகக் குறைந்தது. கணினிகள் திடீரென்று பாதுகாப்பாகிவிடவில்லை. பணம் வாங்கும் வழி அடைபட்டது.

அதற்கு முன் மே மாதம்தான் ‘மேக் டிஃபெண்டர்’ வந்து, மேக்குக்கு வைரஸ் வராது என்ற நம்பிக்கையோடு இருந்தவர்களையும் பிடித்திருந்தது. ஆப்பிள் அதற்குத் திருத்தம் வெளியிட்டது மே 31இல். கணினி எதுவானாலும் குறி அதன் முன்னால் இருக்கும் ஆள்மீதுதான் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். சைமன்டெக் 2009இல் வெளியிட்ட அறிக்கையும் இதையே சொன்னது: முன்னணியில் இருந்த ஐம்பது போலிகளை ஆராய்ந்தபோது, நிறுவல்களில் 93 விழுக்காடு பயனரே விரும்பி இறக்கிக்கொண்டவை.

பணம் வாங்கும் வழி அடைபட்ட பிறகு தொலைபேசி மோசடி முன்னுக்கு வந்தது. இங்கேதான் கதை நம் நாட்டுக்குள் வருகிறது. 2012 அக்டோபரில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் இவ்வகை மோசடிமீது ஆறு வழக்குகளை அறிவித்தது. பெரும்பாலான கும்பல்கள் இந்தியாவிலிருந்து இயங்கின. மைக்ரோசாஃப்டிலிருந்து பேசுகிறோம், உங்கள் கணினியிலிருந்து எங்களுக்கு அபாயச் செய்தி வந்திருக்கிறது என்று பேச்சு தொடங்கும். விண்டோஸில் ‘ஈவன்ட் வியூவர்’ என்று ஒரு பகுதி உண்டு. கணினியின் அன்றாட நடப்புகளைப் பதிந்து வைக்கும் குறிப்பேடு அது. முழு ஆரோக்கியமான கணினியிலும் அதில் சிவப்புக் குறிகளும் மஞ்சள் முக்கோணங்களும் நூற்றுக்கணக்கில் இருக்கும். பிரிண்டர் ஒரு முறை பதில் சொல்லாவிட்டால்கூட ஒரு வரி ஏறும். அழைப்பவர் அதைத் திறக்க வைப்பார். “எத்தனை சிவப்பு இருக்கிறது, எண்ணிச் சொல்லுங்கள் மேடம்” என்பார். எழுபது வயதுப் பெண்மணி ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே போகும்போது பயம் அவருக்குள்ளேயே வளர்ந்துவிடும். போலி ஸ்கேன் படம் வரைய வேண்டிய தேவையே இல்லாமல் போனது.

ஸ்டோனி புரூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வுக்காக இப்படிப்பட்ட 60 மோசடிக்காரர்களைத் தாங்களே தொலைபேசியில் அழைத்துப் பேச்சுக் கொடுத்தார்கள். சராசரியாக 17 நிமிடப் பேச்சுக்குப் பிறகு விலை வந்தது. சராசரி விலை சுமார் 290 டாலர். மையங்களில் மிகப் பெரும்பாலானவை இந்தியாவில். 2023இல் மட்டும் இவ்வகை மோசடியில் 92 கோடி டாலருக்கும் மேல் இழந்ததாக அமெரிக்காவின் எஃப்.பி.ஐ.க்குப் புகார்கள் போயின. இழந்தவர்களில் முதியவர்கள் அதிகம். அதே ஆண்டு அக்டோபரில் நம் சி.பி.ஐ. ‘ஆபரேஷன் சக்ரா’வின் இரண்டாம் கட்டத்தில் 76 இடங்களில் சோதனை நடத்தியது, மைக்ரோசாஃப்ட், அமேசான் நிறுவனங்கள் கொடுத்த புகார்களும் அதற்குக் காரணம். ஆங்கிலம் நன்றாகப் பேசத் தெரிந்தும் வேலை கிடைக்காத இளைஞர்களை இந்த வேலை இழுத்துக்கொண்டது என்பது எனக்கு ஆறாத வருத்தம். வெளிநாட்டு முதியவர்களிடம் ஒத்திகை பார்த்த அதே உத்திகள்தான் இன்று, போலீஸ் என்று சொல்லி வீடியோ அழைப்பில் மிரட்டும் ‘டிஜிட்டல் கைது’ என்ற பெயரில் நம் வீட்டு முதியவர்கள்மீது திரும்பியிருக்கின்றன.

அசலுக்கும் போலிக்கும் இடையே கோடு எங்கே என்ற கேள்வியையும் தள்ளிவிட முடியாது. அமெரிக்காவில் ஊருக்கு ஊர் கடை வைத்திருக்கும் ஆஃபீஸ் டிப்போ, வாடிக்கையாளரின் கணினியை இலவசமாகச் சோதித்துக் கொடுத்தது. சோதனைக்கு முன் நான்கு கேள்விகள்: கணினி மெதுவாக ஓடுகிறதா, வைரஸ் எச்சரிக்கை வந்ததா, அடிக்கடி நின்றுபோகிறதா, பாப்-அப் தொல்லை உண்டா. எதற்காவது ஆம் என்று குறியிட்டால், வைரஸ் அறிகுறி இருப்பதாக முடிவு வரும். ஸ்கேனுக்கும் அந்த முடிவுக்கும் தொடர்பே இல்லை. பழுதுபார்க்க 300 டாலர் வரை வாங்கினார்கள். 2019இல் அந்நிறுவனம் 2.5 கோடி டாலரும், மென்பொருள் தந்த சப்போர்ட்.காம் ஒரு கோடி டாலரும் கட்டி வழக்கை முடித்துக்கொண்டன. இலவச ஸ்கேன் செய்து தருகிறேன் என்பவர் கடைத்தெருவில் உட்கார்ந்திருந்தாலும், ஸ்கேன் முடிவால் அவருக்கே வருமானம் என்றால் அந்த முடிவை நம்புவதற்கில்லை.

இனி, வீட்டில் என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். ‘எச்சரிக்கையாக இருங்கள்’ என்று பொதுவாகச் சொல்வதால் பயன் இல்லை, தீமை உண்டு. பயம் கூடினால் மோசடி எளிதாகும். வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியது, உண்மையான எச்சரிக்கை எங்கிருந்து வர முடியும் என்பது. இந்தக் கணினியில் உள்ள ஆன்டிவைரஸின் பெயர் என்ன, அது எங்கே திறக்கும், அதன் முகப்பு எப்படி இருக்கும் என்பதை அம்மாவுக்கோ அப்பாவுக்கோ ஒரு முறை உட்கார வைத்துக் காட்டிவிட வேண்டும். இன்றைய விண்டோஸில் கூடவே வரும் டிஃபெண்டர் சாதாரண வீட்டு உபயோகத்துக்குப் போதுமானது. அதற்குச் சந்தாவும் இல்லை, புதுப்பிக்கும் கட்டணமும் இல்லை. இது தெரிந்தால், மெக்காஃபி சந்தா முடிந்துவிட்டது, நார்ட்டன் காலாவதியாகிவிட்டது என்று வரும் எந்தச் செய்தியும் அந்த வீட்டில் செல்லாது. பிரவுசருக்குள் தெரியும் ஸ்கேன் எதுவும் ஸ்கேன் அல்ல. தொலைபேசி எண் போட்ட எச்சரிக்கை எதுவும் உண்மை அல்ல. தன் பிழைச் செய்திகளில் தொலைபேசி எண் இருக்காது என்று மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கிறது.

இன்று நம் வீடுகளில் அதிகம் காண்பது மூலையில் எழும்பும் அறிவிப்பு வடிவம்தான். ஏதோ ஒரு தளம், ‘நீங்கள் ரோபோ அல்ல என்று நிரூபிக்க அலவ் அழுத்துங்கள்’ என்று கேட்டிருக்கும், அழுத்தியிருப்பார்கள். அன்றிலிருந்து அந்தத் தளம் நினைத்தபோதெல்லாம் மெக்காஃபியின் சிவப்புச் சின்னத்தோடு மூலையில் அறிவிப்பு அனுப்பும். உற்றுப் பார்த்தால், அதில் சின்ன எழுத்தில் பிரவுசரின் பெயரும் அறிமுகமில்லாத ஓர் இணைய முகவரியும் இருக்கும். கணினியில் வைரஸ் எதுவும் ஏறியிருக்க வேண்டியதில்லை. பிரவுசரின் அமைப்புகளில் அறிவிப்பு அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கிறது. அந்த முகவரியை அங்கே நீக்கினால் போதும். இதற்காகச் சர்வீஸ் கடைக்கு எடுத்துப்போய்ப் பணம் கொடுத்து ‘ஃபார்மேட்’ செய்தவர்கள் ஏராளம்.

திரை முழுவதையும் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு, ஒலி எழுப்பி, கணினியை அணைக்காதே என்று மிரட்டினால், எஸ்கேப் விசையைச் சில நொடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டும், முழுத்திரை விலகும். விலகாவிட்டால் கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் அழுத்தி டாஸ்க் மேனேஜர் வழியே பிரவுசரை மூடலாம். எதுவும் கைகொடுக்கவில்லை என்றால் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிடலாம். அணைத்தால் எல்லாம் அழிந்துவிடும் என்று திரை சொல்வது பொய். மீண்டும் திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்று பிரவுசர் கேட்டால் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மைக்ரோசாஃப்டின் எட்ஜ் பிரவுசர் 2025 முதல் இத்தகைய முழுத்திரை மிரட்டல்களைக் கணினியிலேயே அடையாளம் கண்டு நிறுத்தப் பார்க்கிறது; குரோமும் அதே ஆண்டு அந்த வழியில் இறங்கியது. இவை பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே வந்திருக்க வேண்டியவை. வந்தும், கையில் போனை எடுத்து எண்ணைச் சுழற்றிவிட்டவரை எந்தப் பிரவுசராலும் காக்க முடியாது.

அப்படிப் பேசி, எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற செயலியை நிறுவி உள்ளே விட்டுவிட்டால், முதல் வேலை இணையத் தொடர்பைத் துண்டிப்பது. வைஃபை ரூட்டரின் சுவிட்சையே அணைத்துவிடலாம். (எனிடெஸ்க் வழியாக நடக்கும் திருட்டு குறித்து ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே வங்கிகளை எச்சரித்தது.) பிறகு வேறொரு போனிலிருந்து வங்கியை அழைத்துக் கார்டையும் நெட் பேங்கிங்கையும் நிறுத்த வேண்டும். இணையக் குற்றங்களுக்கான உதவி எண்ணான 1930இல் புகார் செய்ய வேண்டும். பணம் போய்ச் சேர்ந்த கணக்கிலிருந்து வெளியே எடுக்கப்படுமுன் அதை முடக்க முடிவது தொடக்க மணிநேரங்களில்தான். கடவுச்சொற்களை வேறு கருவியிலிருந்து மாற்றி, அந்தச் செயலியை நீக்கி, முழு ஸ்கேன் ஓட்டியபின்தான் கணினியை மறுபடி இணையத்தில் சேர்க்கலாம். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேர்ந்த இழப்பானாலும், அவர் வங்கிக்குத் தெரிவித்த பிறகு நடக்கும் பரிவர்த்தனைகளின் நட்டத்தை வங்கியின் தலையில் வைத்தது. ஆகவே புகார் சொன்ன நேரமும் புகார் எண்ணும் எழுத்தில் இருக்க வேண்டும்.

இந்த வரிசையில் எதுவும் நடக்க வேண்டுமென்றால், ஏமாந்தவர் முதலில் வீட்டில் வாய்திறக்க வேண்டும். “உனக்கு எத்தனை தடவை சொன்னேன்” என்று மகனோ மகளோ ஒரு முறை சீறிவிட்ட வீட்டில், அடுத்த முறை அந்தத் தாயோ தந்தையோ சொல்ல மாட்டார்கள். கார்டு எண் கொடுத்ததை இரண்டு நாள் மனத்துக்குள் வைத்துப் புழுங்கிவிட்டு, வங்கிக் குறுஞ்செய்தி வந்த பிறகே சொல்வார்கள். அதற்குள் 1930க்கு அழைத்தும் பெரிதாகப் பயன் இருக்காது. பெற்றோரின் கணினியில் ஆன்டிவைரஸ் எது என்று காட்டும் அதே நாளில், எது நடந்தாலும், நடுச்சாமமானாலும், உடனே கூப்பிடுங்கள், கோபிக்க மாட்டேன் என்பதையும் சொல்லி, வங்கியின் எண்ணையும் 1930ஐயும் பெரிய எழுத்தில் எழுதிக் கணினித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டு வர வேண்டும்.